துண்டுக்கட்டும் தடுமாற்றமும்: பக்கவாதக் கைக்கு ஸ்லிங் வந்த கதை

தஞ்சாவூர்–புதுக்கோட்டை சாலையில் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது கந்தர்வக்கோட்டை. அங்கே டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால், கழுத்திலிருந்து ஒரு துண்டைத் தொங்கவிட்டு அதில் ஒரு கையைப் படுக்க வைத்தபடி மெதுவாக நடந்து வருகிற யாராவது ஒருவர் கண்ணில் படுவார். கை உடைந்தவர் என்று புதிதாக வருபவர் நினைக்கலாம். உள்ளூர்க்காரருக்கு நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், "பாவம், வாதம் அடிச்ச மனுசன்" என்று.

எங்கள் பெரியப்பா அப்படித்தான் நடந்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் வலது பக்கம் விழுந்துவிட்டது. உயிர் பிழைத்தார், பேச்சு திரும்பியது, கால் ஓரளவு வந்தது. கை வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மெடிக்கலில் வாங்கிய நீல நிற ஸ்லிங் ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். எப்போது மாட்ட வேண்டும், எப்போது கழட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாலு மாதம் தூங்கும்போதுகூட அது அவர் உடம்பிலேயே இருந்தது. பிறகு வந்த பிசியோ அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். முழங்கை மடங்கிய வாக்கிலேயே இறுகிப் போயிருந்தது. "மொதல்ல இதத் தூக்கிப் போடுங்க" என்றார்.

பெரியப்பா மறுத்துவிட்டார். "ஏம்ப்பா, இதக் கட்டுனாத்தான் நடக்கறப்ப தைரியமா இருக்கு. அவுத்துட்டா ஒரு பக்கமா கீழ இழுக்குது, விழுந்துருவேன் போல இருக்கு" என்றார்.

படித்தவர் ஒன்று சொல்கிறார், அனுபவிக்கிறவர் இன்னொன்று சொல்கிறார். யார் சொல்வது சரி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடப் போனதில் கிடைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் இல்லை. ஆனால் ஒரு முழத் துணிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வாக்குவாதம் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

போர்க்களத்திலிருந்து வந்த துணி

அடிபட்ட கையைத் துணியில் தொங்கவிடுவது மனிதர்களுக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்பதே வீண். துணி இருந்த காலத்திலிருந்தே தெரிந்திருக்கும். ஆனால் இன்று முதலுதவி வகுப்பில் சொல்லித் தருகிற முக்கோணத் துணிக்கு ஒரு வரலாறு உண்டு. 1830களில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்து அறுவை மருத்துவர் மத்தியாஸ் மேயோர், நீளநீளமான பட்டைக் கட்டுகளுக்குப் பதில் ஒரு சாதாரணக் கைக்குட்டையை மடித்தே எல்லாக் கட்டும் கட்டலாம் என்று எழுதினார். அதை உலகம் முழுக்கக் கொண்டு போனவர் ஜெர்மனியின் கீல் நகரத்தைச் சேர்ந்த ராணுவ மருத்துவர் பிரீட்ரிக் வான் எஸ்மார்க். எப்படிக் கட்ட வேண்டும் என்ற படங்களை அந்தத் துணியிலேயே அச்சடித்தார். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாயும் படத்தைப் பார்த்துப் பக்கத்தில் கிடப்பவனுக்குக் கட்டிவிடலாம். நல்ல யோசனை.

அந்தத் துணி எதற்காக உருவானது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. எலும்பு முறிந்தவனுக்கு, தோட்டா பாய்ந்தவனுக்கு. அவனுக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான்: கை அசையக் கூடாது. சில வாரங்களில் எலும்பு கூடிவிடும், துணியைக் கழட்டிவிடலாம்.

பக்கவாதக் கையில் எலும்பு முறியவில்லை. கோளாறு கையிலேயே இல்லை, மூளையில். "அசையாதே" என்று சொல்ல வேண்டிய கை அல்ல அது. எப்படியாவது அசைய வேண்டும் என்று நாம் கும்பிட்டுக் கேட்கிற கை. ஆனாலும் தொங்குகிற கையைப் பார்த்தவர்கள் எல்லா ஊரிலும் அதே துணியைத்தான் எடுத்தார்கள். முறிவுக்குச் செய்த கருவி வாதத்துக்கு இரவல் போனது.

தோள் ஏன் இறங்குகிறது?

இரவல் வாங்கியதற்கு ஒரு நியாயமும் இருந்தது. ஒரு மனிதனின் முழுக் கை அவன் உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு ஒரு கை 3 கிலோ. மூன்று கிலோ அரிசிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருபத்துநாலு மணி நேரமும் திரிகிறோம். நமக்கு அது உறைப்பதே இல்லை.

ஏன் உறைப்பதில்லை என்பதை 1959ல் கனடாவில் ஜான் பாஸ்மாஜியன் என்ற உடற்கூறியலாளர், பசான்ட் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். தசைகளின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள். கையைச் சும்மா தொங்கவிட்டிருக்கும்போது தோளின் மேலுள்ள பெரிய தசையோ, புஜத்துத் தசைகளோ பெரிதாக வேலை செய்யவில்லை. எடையைத் தாங்கியது தோள்பட்டை எலும்புக்கு மேலே ஒளிந்திருக்கும் ஒரு சின்னத் தசையும், மூட்டைச் சுற்றிய உறையின் மேல்பகுதியும், மூட்டுக் குழியின் சாய்வும்தான்.

இடுப்பு மூட்டு உரலுக்குள் இறங்கிய குழவி மாதிரி, ஆழமாக உட்கார்ந்திருக்கும். தோள் மூட்டு அப்படி இல்லை. சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிவது அதனால்தான், எளிதில் நழுவுவதும் அதனால்தான். பக்கவாதத்தில் தசை செத்த மாதிரி ஆகிவிடும்போது அந்த 3 கிலோவும் மூட்டு உறையைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. தோள்பட்டை சாய்கிறது. குழியிலிருந்து எலும்பு மெல்ல இறங்குகிறது. பெரியப்பாவின் தோளில் ஒரு விரல் நுழையும் அளவு பள்ளம் இருந்தது. நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

எனவே தாங்கு கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் தவறில்லை. எப்படித் தாங்குவது என்பதில்தான் சண்டை.

கழட்டச் சொன்னவர்கள்

பிசியோ சொன்ன "தூக்கிப் போடுங்க" என்பதன் பின்னால் ஒரு பெரிய பெயர் இருக்கிறது. பெர்லினில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து, நாஜிகளுக்குத் தப்பி லண்டன் வந்தவர் பெர்டா பாபத். கணவர் கரேல் பாபத் மருத்துவர். பக்கவாதம் வந்தவருக்கு நல்ல பக்கத்தை வைத்தே காலம் தள்ளக் கற்றுக்கொடுப்பது அன்றைய வழக்கம். பெர்டா அதை ஏற்கவில்லை. விழுந்த பக்கத்தையே வேலைக்கு இழுக்க வேண்டும் என்றார். பெரியவர்களின் பக்கவாதம் பற்றிய அவர் புத்தகம் 1970ல் வந்தது. கையை மடக்கி நெஞ்சோடு கட்டுவதை அவர் வழி வந்தவர்கள் எதிர்த்தார்கள். வாதக் கை தானாகவே மடங்கி இறுகப் பார்க்கும். ஸ்லிங்கும் அதே வாக்கில் மடக்கி வைத்தால் நோய்க்கு நாமே துணை போகிறோம் என்பது அவர்கள் கட்சி. அதற்குப் பதிலாக அக்குளில் வைக்கும் சுருள் ஒன்றைப் பயன்படுத்தினார்கள்.

இன்னொரு எதிர்ப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் குரங்குகளில் செய்த ஆய்விலிருந்து ஒரு கருத்துக்கு வந்தார்: பயன்படுத்தாமலே விட்டால் பயன்படுத்தாமல் இருப்பதையே மூளை கற்றுக்கொள்கிறது. 1993ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்களும் ஸ்லிங் கட்டினார்கள், ஆனால் நல்ல கைக்கு! இரண்டு வாரம் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையைக் கட்டிப் போட்டு, நோயுற்ற கையாலேயே எல்லாம் செய்ய வைத்தார்கள். ஏற்கெனவே கொஞ்சம் அசைவு இருந்தவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது.

நம்மூர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். துண்டிக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாகத் தோன்றி வலிப்பவர்களுக்கு அவர் கண்ணாடிப் பெட்டி செய்தது பலருக்குத் தெரிந்திருக்கும். 1999ல் அவரும் சேர்ந்த குழு அதே கண்ணாடியைப் பக்கவாதக்காரர்கள் 9 பேரிடம் வைத்துப் பார்த்தது. நல்ல கை அசைவதன் பிம்பம் விழுந்த கை இருக்கும் இடத்தில் தெரியும். "என் கை அசைகிறது" என்று மூளைக்குக் கண் சொல்கிறது. இந்த ஆய்வுகள் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: கையை மறைத்து மூட்டை கட்டி வைக்காதே, மூளையின் கண்முன் வை.

இப்படிப் பார்த்தால் பெரியப்பா தோற்றுவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வரப்பில் நடப்பவருக்குத் தெரிந்தது

ஆனால் அவர் கையைப் பற்றிப் பேசவே இல்லையே! நடையைப் பற்றி அல்லவா சொன்னார்?

எங்கள் பக்கம் கடலைக் கொல்லைக்கும் முந்திரித் தோப்புக்கும் நடந்து பழகியவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லாத விஷயம். ஒற்றையடி வரப்பில் போகும்போது இரண்டு கையும் தானாக விரியும். இடுப்பில் குடம் வைத்த பெண்ணின் மறு கை வீசிக்கொண்டே போகும். கழைக்கூத்தாடி நீளக் கம்பை ஏந்துவதும் இதற்குத்தான். கை என்பது பிடிக்க மட்டும் இல்லை, விழாமல் இருக்கவும்தான்.

1939ல் ஹெர்பர்ட் எல்ஃப்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நடக்கும்போது கைகளின் வேலை என்ன என்று கணக்குப் போட்டுக் காட்டினார். வலது கால் முன்னே போகும்போது உடம்பு ஒரு பக்கம் திருகப் பார்க்கும். எதிர்ப்பக்கக் கை முன்னே வீசி அந்தத் திருகலைச் சரிக்கட்டும். இப்போது ஒரு கை செத்துத் தொங்குகிறது என்று வையுங்கள். சரிக்கட்டும் வேலை நின்றது மட்டுமில்லை. 3 கிலோ எடை ஒன்று தன் இஷ்டத்துக்கு ஆடி, உடம்பை ஏற்கெனவே பலமில்லாத கால் பக்கமாக இழுக்கிறது. "கீழ இழுக்குது" என்று பெரியப்பா சொன்னது உவமை இல்லை, இயற்பியல்.

இதை ஆராய்ச்சியாளர்கள் கேட்கத் தொடங்கியது ரொம்பத் தாமதமாகத்தான். அதுவரை ஸ்லிங் பற்றிய வாதம் முழுக்கத் தோளைச் சுற்றியே நடந்தது. 2002ல் துருக்கியைச் சேர்ந்த யவூசர், எர்கின் என்ற இரு மருத்துவர்கள் பக்கவாதக்காரர்களை ஸ்லிங் போட்டும் போடாமலும் நடக்கவிட்டு நடையை அளந்தார்கள். ஸ்லிங் போட்டபோது நடை மேம்பட்டது, குறிப்பாக நோயுற்ற காலில் எடை ஊன்றி நிற்கும் கட்டத்தில். 2010ல் அதே நாட்டில் அகார், கரதாஷ் இருவரும் நேரடியாகச் சமநிலையையே சோதித்தார்கள். 26 பேர். ஸ்லிங் கட்டியிருக்கும்போது தடுமாற்றம் குறைந்தது என்று முடிவு சொன்னார்கள்.

சின்ன ஆய்வுகள்தான், மறுக்கவில்லை. ஸ்லிங் கட்டியிருக்கிற அந்த நேரத்து நிலையைத்தான் சொல்கின்றன. கட்டினால் நோய் குணமாகும் என்று சொல்லவில்லை. ஆனால் கந்தர்வக்கோட்டையில் ஒரு விவசாயி தன் உடம்பை வைத்துச் சொன்னதும், துருக்கியில் கருவி வைத்து அளந்ததும் ஒன்றாக இருந்ததைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தோள் விஷயத்தில் என்ன தீர்ப்பு? சிட்னியைச் சேர்ந்த லூயிஸ் அடாவும் உடன் பணிபுரிந்தவர்களும் 2005ல் அதுவரை வந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தகுதியானவை நாலே நாலு, மொத்தம் 142 பேர். ஸ்லிங் தோள் இறங்குவதைத் தடுக்கும் என்றோ தடுக்காது என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். உலகமெங்கும் அன்றாடம் மாட்டிவிடுகிற ஒரு பொருளுக்கு இதுதான் நிலைமை. 2016ல் வந்த அமெரிக்க வழிகாட்டியும் தோள் இறக்கத்துக்கு ஸ்லிங்கை "பரிசீலிக்கலாம்" என்ற அளவில்தான் சொல்கிறது.

அதே வழிகாட்டி வேண்டாம் என்று சொல்லும் ஒன்று நம் வீடுகளுக்கு முக்கியம்: தலைக்கு மேலே கப்பி கட்டிக் கையை இழுக்கும் பயிற்சி. கிணத்துக் கப்பியை உத்தரத்தில் மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து வாதக் கையைத் தூக்குவது எங்கள் பக்கம் ரொம்பப் பிரபலம். 1990ல் வந்த ஒரு ஆய்வில் கப்பிப் பயிற்சி செய்தவர்களில் 62 சதவீதம் பேருக்குத் தோள்வலி வந்தது. பயிற்சியாளர் கையால் மெதுவாக அசைத்துவிட்டவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான். சிறிய ஆய்வு என்றாலும் வித்தியாசம் பெரியது. எங்கள் வீட்டிலும் கப்பி தொங்கியது. இதைப் படித்த அன்றே அவிழ்த்துவிட்டேன்.

வேலூரும் நம் வீட்டுத் திண்ணையும்

உடைந்த மனிதனை மறுபடி வேலைக்கு நிற்க வைப்பது ஒரு தனி மருத்துவம் என்ற எண்ணம் இந்தியாவுக்கு வந்தே எழுபது எண்பது வருடம்தான் ஆகிறது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் 1950ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செயல்முறைச் சிகிச்சைப் பள்ளி தொடங்கினார். அடுத்த சில வருடங்களில் அங்கேயே பிசியோதெரபி பள்ளியும் வந்தது. போலியோ அடித்த காலம் அது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை டாக்டர் மேரி வர்கீஸிடமிருந்து தொடங்குகிறது. வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அதற்கான துறைக்குப் பொறுப்பேற்றார். 1966ல் அங்கே தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிக்கு என்ன தேவை என்று நோயாளியாக இருந்தே தெரிந்துகொண்ட மருத்துவர் அவர்.

ஆனால் வேலூர் எங்கே, எங்கள் ஊர் எங்கே? பெரும்பாலானவர்களுக்கு மறுவாழ்வு மருத்துவமனை என்பது வீட்டுத் திண்ணைதான். பிசியோ என்பது மனைவியோ மருமகளோதான். அப்படியானால் குடும்பத்துக்கே சொல்லிக் கொடுத்துவிட்டால் என்ன? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்து அட்டெண்ட் என்ற பெயரில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2017ல் வந்தது. குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்த குழுவிலும் கொடுக்காத குழுவிலும், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் சேர்த்து 47 சதவீதம். இரண்டிலும் அதே 47.

படித்ததும் சோர்வாகத்தான் இருந்தது. பிறகு வேறு மாதிரி யோசித்தேன். அன்பும் நாலு நாள் பாடமும் போதாது, பயிற்சி பெற்ற ஆள் தொடர்ந்து வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் ஒரு அங்கம். இருபது வருடத்துக்கு முன் எங்கள் பக்கம் வாதம் வந்தால் எண்ணெய்த் தேய்ப்பும் புறா ரத்தமும்தான். இன்று கைப்பையோடு ஒருவர் படியேறி வருகிறார் என்பது சின்ன மாற்றமில்லை.

யார் சொன்னது சரி?

இருவருமே. பிசியோ கையைப் பார்த்தார், பெரியப்பா காலைப் பார்த்தார்.

இப்போது வீட்டில் ஒரு ஏற்பாடு. எழுந்து நடக்கும்போது மட்டும் ஸ்லிங். உட்கார்ந்ததும் கழட்டி, மடியில் ஒரு தலையணை, அதன்மேல் விரல் விரிந்தபடி கை. படுக்கையில் ஸ்லிங் கிடையாது. எழுப்பும்போது வாதக் கையைப் பிடித்து இழுப்பது கூடவே கூடாது. முதுகிலும் இடுப்பிலும் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் பிசியோதான் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். உங்கள் வீட்டில் யாருக்காவது எழுதப்படும் தாள் வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் தாள் ஒன்று கட்டாயம் வேண்டும். ஸ்லிங்கை மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், எப்போது கழட்டுவது என்று கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியின் விலை பெரியப்பாவின் முழங்கை. பாதிதான் நீண்டிருக்கிறது, இனிமேல் முழுதாக நீளாது என்கிறார்கள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பெரியப்பா ஸ்லிங் மாட்டிக்கொண்டு கொல்லை வரைக்கும் நடந்தார். வரப்பு வந்ததும் நின்றுவிட்டார். வரப்பில் ஏறவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "அடுத்த கடலைக்குப் பாப்பம்" என்று திரும்பினார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் யாரும் சொல்லாமலே இடது கையால் ஸ்லிங்கைக் கழட்டி, ஆணியில் மாட்டினார்.